காலிக்கட்டம்

வட்டார ஆஸ்பத்திரியில் என் ஓரகத்திக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. காலிக்கட்டம். நேரில் பார்த்தால் "வாங்க சிஸ்டர்" என்பார்கள். அவள் படியிறங்கியதும், "காலிக்கட்டம் வந்துட்டுப் போகுது, இன்னிக்கு என்ன வம்போ" என்பார்கள். அவளுக்கும் இது தெரியும். "காலியா இருக்கிறது கட்டம்தானே, மண்டை இல்லையே" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விடுவாள்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. ஒரே வாசல், ஒரே கொல்லைப்புறம், இரண்டு அடுப்பு. நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறேன். அவள் துணை நிலையத்து நர்ஸ். ஐந்து ஊருக்கு அவள் ஒருத்திதான். கர்ப்பமான பெண்களை எடை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, அதை அட்டையிலும் ரிஜிஸ்டரிலும் எழுதுவது எல்லாம் அவள் வேலை. நிலையம் என்று பெயர் பெரிதே தவிர, இருப்பது இரண்டு அறை. முன்னறையில் ஒரு பெஞ்சு, ஓர் எடை மெஷின், உதைத்தால்தான் திறக்கும் இழுப்பறையோடு ஒரு மேஜை. பின்னறையில் ஒரு கட்டிலும் மாத்திரைப் பெட்டிகளும். மழை பெய்தால் பெட்டிகள் கட்டில்மேல் ஏறிவிடும், அவள் ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைத்துக்கொண்டு மேலதிகாரிகளைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

ரிஜிஸ்டரில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம். பிரஷர் என்ன என்று அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். இந்தக் கட்டத்தால்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. அதற்குக் காரணம் நான். அதாவது, எனக்கு அவள் செய்த காரியம்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு முதல் கர்ப்பம், எட்டாம் மாதம். நிலையத்தில் பிரஷர் மெஷின் ரிப்பேர். கையில் சுற்றுகிற பட்டையில் காற்று நிற்கவில்லை, ரப்பர் பந்தை அமுக்க அமுக்கப் புஸ்ஸென்று இறங்கியது. நான் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தேன். அவளும் சிரித்துக்கொண்டே என் அட்டையில் நூற்றுப்பத்துக்கு எழுபது என்று எழுதினாள். உலகத்தில் எந்த மெஷின் கெட்டாலும் எந்த நர்ஸும் எழுதுகிற எண் அது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த எண்ணைப் பார்த்து ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் எனக்கு வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த டாக்டர் பிரஷர் பார்த்தார், எகிறிக் கிடந்தது. பிறகு என் அட்டையைப் பார்த்தார். "போன வாரம் வரைக்கும் சரியாத்தானே இருக்கு. வலிப்பு வந்ததால ஏறியிருக்கும்" என்று சொல்லி, சாதாரண வலிப்புக்கான மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரஷரால்தான் வலிப்பே வந்தது என்று அடுத்த டாக்டர் வந்து கண்டுபிடிப்பதற்குள் அரை நாள் போய்விட்டது. குழந்தையும் போய்விட்டது. பெண் குழந்தை. நான் பிழைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் வார்டுக்கு வந்தாள். கட்டில் பக்கத்தில் குத்துக்கல் மாதிரி நின்றாள். "நான் அளக்கலடி. மெஷின் ஓடல. சும்மா எழுதிட்டேன்" என்றாள்.

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. பந்தை அமுக்கினாள், எழுதினாள் என்று மட்டும்தான் எனக்கு ஞாபகம். தண்ணீர் டம்ளரை எடுத்து அவள்மேல் வீசினேன். நெற்றியில் பட்டது. அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. வீட்டில் இரண்டு அடுப்பு வந்தது அப்போதுதான். இரண்டு வருஷம் நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அட்டையை மட்டும் பத்திரமாகத் தையல் மெஷின் டிராயரில் வைத்துக்கொண்டேன். சண்டை வரும்போது எடுத்துக் காட்ட வேண்டாமா?

அதற்குப் பிறகுதான் அவள் இந்தக் கல்லுளிமங்கி அவதாரம் எடுத்தாள். அளந்தால் எழுதுவாள். அளக்காவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் 'அளக்கவில்லை, கருவி பழுது' என்று எழுதுவாள். தலைகீழாக நின்றாலும் அந்தக் கட்டத்தில் ஓர் எண் விழாது. காலிக்கட்டம் இருந்தால் வட்டாரத்தின் மாதக் கணக்கில் சிவப்புக் கோடு விழும். சிவப்பு விழுந்தால் அதிகாரிக்கு மேலிடத்தில் டோஸ் விழும். அவர் அதை அப்படியே இவளுக்கு இறக்குவார்.

"நூத்துப்பத்துக்கு எழுபதுன்னு போட்டுட்டுப் போங்களேம்மா. யாருக்கு வலிக்கப் போகுது?" என்று அவர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாராம்.

"என் ஓரகத்திக்கு வலிச்சது சார்" என்றாளாம் இவள்.

இது என் காதுக்கு வந்த அன்றைக்குத்தான் நான் அவளோடு மறுபடி பேசினேன். என்ன பேசினேன் என்றால், "என்னை எதுக்கு அங்கெல்லாம் இழுக்கறே?" என்று சண்டை போட்டேன். பேச்சுதானே அதுவும்.

போன வருஷம் நான் மறுபடி கர்ப்பமானேன். ஏழு வருஷத்துக்கு அப்புறம். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாம் மாதம் தொடங்கியது. கால் வீங்கியது. அந்த நேரம் பார்த்தா மெஷின் மறுபடி படுக்க வேண்டும்? பட்டை கிழிந்ததை நான் தைத்துக் கொடுத்தேன். உள்ளே இருக்கும் ரப்பர் பையை சைக்கிள் கடையில் ஒட்டிப் பார்த்தாள். காற்று நின்றது, ஆனால் முள் ஒரே கையில் மூன்று தடவைக்கு மூன்று எண் காட்டியது. "இதுக்கு அது கெட்டே கிடந்திருக்கலாம்" என்று மூட்டை கட்டி வைத்துவிட்டாள். புது மெஷின் கேட்டு நாலு கடிதம் எழுதினாள். 'இருப்பதைக் கொண்டு சமாளிக்கவும்' என்று ஒரு பதில் வந்தது. பக்கத்து நிலையத்தில் இரவல் கேட்கப் போனால், அங்கேயும் மெஷின் ஓடவில்லை. அவர்கள் கட்டம் மட்டும் ஒன்று விடாமல் நிரம்பியிருந்தது.

நானே பஸ் ஏறி வட்டார ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதுகிறவர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரஷர் நம்பர் இல்லையேம்மா. அங்க அளந்து, அதிகம்னு எழுதி அனுப்பினாத்தான் இங்க பாப்போம்" என்றார். அளந்து பார்க்கப் போனவளிடம், அளந்துவிட்டு வா என்கிறார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? ஆஸ்பத்திரி வண்டியும் அப்படித்தான். வியாழக்கிழமை தோறும் வரும். பிரஷர் கூடுதல் என்று அட்டையில் இருந்தால் ஏற்றிக்கொள்ளும், அதுவும் ஒரே ஓர் ஆளைத்தான்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்பு முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, என் அட்டையில நூத்தி அறுபதுன்னு எழுது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அளக்காமயா?"

"ஆமா. வியாழக்கிழமை வண்டி என்னை ஏத்திட்டுப் போகட்டும். அங்க போனதும் அவங்களே அளந்து பாத்துப்பாங்க."

"எழுத மாட்டேன்டி."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. டிராயரில் இருந்த பழைய அட்டையைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினேன். "அன்னிக்கு என் அட்டையில பொய்யா இறக்கி எழுதினியே, அப்ப ஓடின பேனாதானே? இன்னிக்கு என் வயித்துல இருக்கிறதைக் காப்பாத்த ஏத்தி எழுதச் சொன்னா மட்டும் உனக்கு நியாயம் பொத்துக்கிட்டு ஊத்துதா?"

அவள் கண் கலங்கியது. ஆனாலும் அசையவில்லை. "அந்த வண்டியில ஒரு ஆளுக்குத்தான் இடம். உன்னோட சேத்து பதினோரு பேர் இருக்கீங்க. யாருக்கு ஏறியிருக்குன்னு எனக்குத் தெரியாது. உன் பேரை எழுதினா, மீதி பத்துப் பேருக்கும் ஒண்ணுமில்லைன்னு நானே எழுதின மாதிரி."

"மத்தவங்க எனக்கு எதுக்கு? எனக்கு என் பிள்ளை வேணும்!"

"எனக்கும் வேணும்" என்றாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, மினி லாரி ஓட்டுகிற தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "ஏங்க, நாளைக்குக் காலையில எங்க லோடு?"

"செங்கல். ஏன்?"

"செங்கல் ஓடியா போகுது? நாளைக்கு நாங்கதான் லோடு."

மறுநாள் புதன்கிழமை. வட்டார ஆஸ்பத்திரியில் மாதாந்திரக் கூட்டம், எல்லா நர்ஸுகளும் ரிஜிஸ்டரோடு வந்து உட்காரும் நாள். லாரியில் மெத்தை, பாய், தலையணை என்று வீட்டில் இருந்ததையெல்லாம் விரித்தாள். முந்தின ராத்திரியே ஐந்து ஊருக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள், பதினோரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். நான் அவளோடு பேசவில்லை. எனக்குக் கை கொடுத்து மேலே ஏற்றிவிட்டது செங்கல் சூளையில் வேலை செய்கிற ஒரு சின்னப் பெண். இருபது வயதிருக்கும், தலைச்சன் கர்ப்பம். வாயைத் திறந்து பேசாதவள். "பாத்து, பாத்து" என்ற ஒரு சொல்லைத் தவிர வழி முழுக்க வேறெதுவும் அவள் சொல்லவில்லை. லாரி முட்டை ஏற்றின வண்டி போல ஊர்ந்து போனது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்துபோனான்.

கூட்ட அறையில் திரையில் வட்டாரத்தின் படம் தெரிந்தது. எங்கள் ஐந்து ஊர் மட்டும் சிவப்பு. அதிகாரி அதைக் குச்சியால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு நாங்கள் உள்ளே போனோம்.

"என்னம்மா இது? இது என்ன சந்தையா?"

"என்னோட காலிக்கட்டம் சார். பதினொண்ணும் நடந்து வந்திருக்கு. அளந்து குடுங்க, உங்க எதிர்லயே எழுதிடறேன்."

"யார் அனுமதி குடுத்தா? நிலையத்தைப் பூட்டிட்டு, கர்ப்பிணிகளை லாரியில ஏத்தி... வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும் சார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒரு தடவை அந்தச் சுரைக்காயை என் வீட்டுக்கே பரிமாறினேன். இனி என் கையால நடக்காது." எங்கள் பக்கம் கையைக் காட்டினாள். "நாற்காலி போடுங்க சார். இவங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

நாற்காலி அவர் போடவில்லை. முன்வரிசையில் இருந்த நர்ஸுகள் ஒவ்வொருத்தராக எழுந்து தங்கள் நாற்காலிகளைத் தள்ளினார்கள். காலிக்கட்டம் என்று சொல்லிச் சிரித்த அதே ஆட்கள்தான். பெரிய டாக்டரம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து, தன் அறையிலிருந்த மெஷினைக் கொண்டுவரச் சொன்னார்.

நான் நாலாவது ஆள். பட்டை கையை இறுக்கும்போது மூச்சு விடவில்லை. "நூத்தி இருபதுக்கு எழுபத்தெட்டு. நல்லா இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "கால் வீங்கியிருக்கே" என்றேன். என்ன வேலை என்று கேட்டார், தையல் என்றேன். "நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதிச்சா வீங்காம என்ன செய்யும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஒன்பதாவதாக அந்தச் சூளைப் பெண் உட்கார்ந்தாள். டாக்டரம்மா ஒருமுறை அளந்தார். மறுகையிலும் அளந்தார். "நூத்தி எழுபதுக்கு நூத்திப் பத்து. தலை வலிக்குதாம்மா?"

"ரெண்டு நாளா வலிக்குது. வெயில்னு நெனச்சேன்" என்றாள்.

உடனே தள்ளுகட்டில் கொண்டுவந்து அவளை உள்ளே படுக்க வைத்தார்கள். காலில் வீக்கம் கிடையாது, முகத்தில் ஒன்றும் கிடையாது. லாரியில் எனக்குக் கை கொடுத்தவள். நான் கேட்டபடி என் அட்டையில் நூற்றி அறுபது விழுந்திருந்தால், மறுநாள் வண்டியில் நான் போயிருப்பேன். அவள் சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருந்திருப்பாள். எனக்கு வந்தது அவளுக்கும் வந்திருக்கும்.

பத்து நாள் கழித்து அந்தச் சூளைப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் எடை குறைவு, தொண்டை மட்டும் ஊரைக் கூட்டுகிறது. எங்கள் நிலையத்துக்குப் புது மெஷின் வந்தது. அதே பையில் என் ஓரகத்திக்கு ஒரு மெமோவும் வந்தது. அனுமதி இல்லாமல் நிலையத்தை விட்டுப் போனதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். "மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிப் போட்டுடு, வேலை முக்கியம்" என்று அவள் வீட்டுக்காரர் கெஞ்சினார். அவள் பேனாவை எடுத்து, விளக்கம் என்ற இடத்தில் அன்று அளந்த பதினோரு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். ஒன்பதாவது எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். இன்றுவரை பதில் இல்லை. வந்தாலும் அவள் இதையேதான் எழுதுவாள்.

எனக்குப் பெண் பிறந்து நாலு மாதம் ஆகிறது. தையல் மெஷின் பக்கத்தில் தொட்டிலில் கிடக்கிறாள். பழைய அட்டை இன்னும் டிராயரில்தான் இருக்கிறது. "இப்பவாவது அவளை மன்னிச்சுட்டியா?" என்று அளவு ஜாக்கெட் கொண்டுவருகிறவர்கள் வாயைக் கிளறுகிறார்கள். நான் பட்டென்று சொல்லிவிடுவேன்: இல்லை. என் முதல் பெண்ணுக்குப் பதிலாக யாரும் வர முடியாது, இந்தக் குட்டியும்கூட. அதை மன்னிக்கச் சொல்ல ஊருக்கு என்ன உரிமை? அவளே ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் நாளைக்கே எனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால், எத்தனை பெரிய டாக்டர் வந்து நின்றாலும் சரி, பட்டையைச் சுற்றச் சொல்லி என் கையை முதலில் அவளிடம்தான் நீட்டுவேன்.