கிரியோலில் சொன்னேன்

ஆம், அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். எர்னஸ்தீன் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவள் நான்.

இதை எழுதும்போது பெரும்பாடு படுவேன் என்று நினைத்தேன். படவில்லை! நெஞ்சுக்குள் காற்று தாராளமாகப் போய் வருகிறது. இத்தனை எளிதா இது? அப்படியானால் அத்தனை ஆண்டுகள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். தீவின் தென்கரையில், சுயாக் ஊருக்குச் சற்று உள்ளே தள்ளி, கரும்பு நிலம் வைத்திருந்த சின்னச்சாமியின் மனைவி நான். பெயர் அஞ்சலை. கரும்பாலை முதலாளிகளின் நிலத்துக்கு முன்னால் எங்கள் நிலம் ஒரு கைக்குட்டை. ஆனாலும் அது எங்களுடையது. அதன் பேரில் என் வீட்டுக்காரருக்கு ஓட்டுரிமை இருந்தது. பிற்பாடு, சட்டசபைத் தேர்தலில் நிற்கும் துணிவும் வந்தது.

அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி அன்று, நடந்தது இது.

எர்னஸ்தீன் ஆற்றங்கரையில் துணி வெளுப்பவள். கிரியோல்காரி; ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவள். அவள் மகள் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் தீ மிதிப்பதாக எங்கள் அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்; பெண்ணும் பிழைத்தாள். எங்கள் தீவில் அது புதுமை அல்ல. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிய கையோடு எங்கள் அம்மனுக்கும் கற்பூரம் ஏற்றுகிற கிரியோல்காரர்கள் அன்றும் இருந்தார்கள். எர்னஸ்தீன் எங்களைப்போலவே விரதம் இருந்தாள். மீன் தொடவில்லை. மஞ்சள் புடவையை எப்படிக் கட்டுவது என்று என் பக்கத்து வீட்டுக் காத்தாயி அக்காவிடம் கேட்டுக் கட்டிக்கொண்டு, ஈரக் கூந்தலில் வேப்பிலை செருகி, தீக்குழி ஓரத்தில் வரிசையில் நின்றாள்.

என் வீட்டுக்காரர் கரகத்தோடு முன்னால் போய்விட்டார். பெண்கள் வரிசையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் போர்ட் லூயியிலிருந்து வந்த ஒரு தருமகர்த்தாவின் மனைவி நின்றாள். கழுத்து நிறைய நகை. அவள் எர்னஸ்தீனைப் பார்த்தாள்; பிறகு என்னைப் பார்த்தாள். "உங்க ஊர்ல இவங்களும் இறங்குவாங்களா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விதான்!

நான் எர்னஸ்தீனின் முன்னால் போய் நின்றேன். "காப்பிரி கால் பட்டால் இந்த நெருப்புக்கே தீட்டு. போ, உன் கோயிலுக்குப் போ" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கூந்தலிலிருந்த வேப்பிலையை எடுத்தாள். அதைக் கீழே போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

நான் அவளைவிடக் கறுப்பு. இதையும் சொல்லிவிடுகிறேன்... என் நிறத்துக்கு அவள் நிறம் வெளுப்பு. கரும்பாலை வாசலில் எங்கள் ஜனங்களை ஏளனமாகச் சொல்லும் 'மலபார்' என்ற பேரால் என்னைக் கூப்பிட்டுக் காறித் துப்பியவர்கள் உண்டு. அப்படி ஒரு சொல் உடம்பில் எந்த இடத்தில் போய்த் தைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அதே இடம் பார்த்து அவளை அடித்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஆண்டுகள் ஓடின. நான் மறந்துவிட்டேனா? இல்லை. மறந்தவளைப்போல இருந்தேன். கடைத்தெருவில் அவள் வந்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

என் வீட்டுக்காரர் தேர்தலில் நின்றபோது, எதிரே நின்றவர் பெரிய கரும்புத் தோட்டக்காரர்களின் ஆள். என் வீட்டுக்காரரோ சிறு நிலக்காரர்களையும், கிரியோல் தச்சர்களையும், கொல்லர்களையும் ஒன்றாகக் கூட்டி நிறுத்தியிருந்தார். "நாமெல்லாம் ஒரே வெயில்ல காயுறவங்க" என்பார். அவர் அதை மனமாரச் சொன்னார். அதுதான் எனக்கு வலி.

ஒரு நாள் அந்தத் தோட்டக்காரர்களின் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் அது வந்தது. வேட்பாளரின் மனைவி தீமிதியில் ஒரு கிரியோல் பெண்ணை இப்படிச் சொல்லி விரட்டினாள், அந்தப் பெண்ணே சொன்னாள் என்று. எழுதியவர்கள் யோக்கியர்கள் அல்லர். எங்கள் இரு சாராரையும் அவர்கள் தங்கள் வராந்தாக்களில் என்னவெல்லாம் சொல்வார்கள் என்பது தீவுக்கே தெரியும். ஆனால் எழுதியது உண்மை!

என் வீட்டுக்காரர் பத்திரிகையை மடித்துப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"அஞ்சலை, இது நெசமா?"

"இல்லீங்க."

"பின்ன அந்தப் பொம்பள ஏன் சொல்லுது?"

"நான் தமிழ்ல சொன்னேங்க. கூட்டமா இருக்கு, தள்ளி நில்லுன்னேன். அதுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ தப்பா விளங்கிக்கிச்சு."

எவ்வளவு சுளுவாக வந்தது பாருங்கள்! யோசிக்கக்கூட இல்லை. அவர் முகம் தெளிந்தது. காத்தாயி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் என் பக்கத்திலேயே நின்று எல்லாம் கேட்டவள். ஒரு தடவை என்னைப் பார்த்தாள். "ஆமா தம்பி, தமிழ்லதான் சொல்லிச்சு" என்றாள். எனக்காகத் தன் நாக்கை அழுக்காக்கிக்கொண்டாள்.

அதன்பிறகு என் வீட்டுக்காரர் போன இடமெல்லாம் அதையே சொன்னார். மேடைக்கு மேடை என் பொய் அவர் வாயிலிருந்து மெய்யாக வந்தது. ஜனங்கள் நம்பினார்கள். நம்பியதோடு நின்றார்களா? எர்னஸ்தீனைச் செவிடி என்றார்கள். தோட்டக்காரர்களுக்கு விலைபோனவள் என்று அவளுடைய ஆட்களே ஏசினார்கள். துணி போட்டுக்கொண்டிருந்த வீடுகள் சில அவளிடம் போடுவதை நிறுத்திக்கொண்டன. அவள் புருஷனே, "உனக்கு ஒருவேளை சரியாகக் கேட்கவில்லையோ?" என்று கேட்டானாம். இதைக் காத்தாயி அக்கா வந்து சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்துகொண்டே இருந்தேன்...

ஒரு முறை விரட்டியது போதாது என்று, அவள் காதில் விழுந்ததையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். இரண்டில் எது பெரிய பாவம்? நீங்கள் சொல்லுங்கள். எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு பிற்பகல், பள்ளிக்கூட முற்றத்தில் பெரிய கூட்டம். வாதுமை மரத்தடியில் பெண்கள் கொஞ்சம் பேர் நின்றோம். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் அந்த விஷயத்துக்கு வந்தார். "என் வீட்டுக்காரி பேசியது தமிழ். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. குற்றம் யாருடையதும் இல்லை" என்று கிரியோலில் விளக்கினார். கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயுமுன் எர்னஸ்தீன் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தாள். யாரோ "உட்காரு!" என்று கத்தினார்கள். அவள் மேடைப்பக்கம் போகவில்லை. நேரே மரத்தடிக்கு, என்னிடம் வந்தாள். நரைத்த தலையில் துணி கட்டியிருந்தாள். நான் அவளை அத்தனை அருகில் பார்த்தது தீமிதிக்குப் பிறகு அன்றுதான்.

"மதாம்," என்றாள், எல்லோருக்கும் விளங்கும் கிரியோலில். "நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும். எந்த பாஷையில் சொன்னாய்? அதை மட்டும் சொல்."

என் வீட்டுக்காரர் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். பயமே இல்லாத பார்வை அது. என்னை அப்படி நம்பினார்!

'தமிழ்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். காத்தாயி அக்கா இருக்கிறாள், ஊரே இருக்கிறது. என் வாய் அந்தச் சொல்லுக்குத்தான் திறந்தது... சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் திறந்தது.

"கிரியோலில் சொன்னேன்" என்றேன்.

எர்னஸ்தீன் கேட்டாள்: "ஏன்?"

"உனக்கு விளங்க வேண்டும் என்று."

பிறகு நானே நிறுத்தாமல் சொன்னேன். சொன்ன சொல்லையும் சொன்னேன், வீட்டில் சொன்ன பொய்யையும் சொன்னேன். இவருக்கு எதுவும் தெரியாது என்றேன். அதுவரை கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியிராத என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. என்னை மன்னித்துவிடு என்றேன்.

எர்னஸ்தீன் தன் புருஷன் நின்ற பக்கம் திரும்பினாள். "கேட்டாயா? என் காது நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள். போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் மேடையின் விளிம்புக்கு வந்தார். தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நான் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன். தெரியாமல் சொன்னேன். ஆனாலும் பொய்தான். அந்த அம்மாவை ஊரார் செவிடி என்றதும் என் பேச்சால்தான்" என்று மட்டும் சொல்லி இறங்கிவிட்டார்.

தோற்றார். கிரியோல்காரர்கள் கைவிட்டார்கள். அவர்களாவது பரவாயில்லை, எங்கள் ஜனங்களே கைவிட்டார்கள்! "ஒரு வாய் மூடியிருந்தால் நம் ஆள் சபையில் உட்கார்ந்திருப்பானே" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அது உண்மை. அவர் வென்றிருந்தால் சிறு நிலக்காரர்களுக்காக வாதாடியிருப்பார். அந்த நட்டமும் என் கணக்கில்தான்.

என்னோடு அவர் பேசப் பல நாளாயிற்று. ஒரு காலை, கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை ஊன்றி நிமிர்ந்தார்.

"தோத்ததுல எனக்கு வருத்தமில்ல புள்ள. என் வாயால ஒருத்திய பொய்க்காரியாக்க வெச்சிட்டியே. அதான் போகமாட்டேங்குது."

"எனக்கும் போகலைங்க."

"ஆனா நீ சொல்லாம இருந்து நான் ஜெயிச்சிருந்தா..." என்று தொடங்கினார். குனிந்து வெட்ட ஆரம்பித்துவிட்டார். கொஞ்சம் கழித்து, "தண்ணி கொண்டா" என்றார். எங்களுக்குள் பேச்சு அப்படித்தான் திரும்பி வந்தது.

இப்போது உங்களுக்கு விந்தையாக இருக்கும். இத்தனைக்கும் நடுவில் நான் நிம்மதியாக இருக்கிறேன். வெட்கமில்லாத நிம்மதி! சாப்பாடு ருசிக்கிறது. கடைத்தெருவில் நான் யாருக்கும் ஒளிவதில்லை. காத்தாயி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடி பாவி, எனக்கும் சேத்து எறக்கி வெச்சிட்டியே" என்று அழுதாள், சிரித்தாள்.

ஆனால் இந்த நிம்மதி எனக்கு மட்டுமே வந்தது. எர்னஸ்தீனுக்கு என்ன வந்தது? அவள் பேச்சு உண்மை என்று ஊருக்குத் தெரிந்தது, அவ்வளவே. அது முன்பே அவளுடையது. நான் திருடியதைத் திருப்பிக் கொடுத்தேன், கொடை ஒன்றும் கொடுக்கவில்லை.

அடுத்த தீமிதிக்கு முன் பூசாரியிடம் பேசினேன். விரதம் இருந்த யாரையும் இனி யாரும் தடுக்கக்கூடாது என்று கோயிலில் ஒப்புக்கொண்டார்கள். எர்னஸ்தீனுக்குச் சொல்லி அனுப்பினேன். "என் பெண் பிழைத்தாள். என் நேர்த்திக்கடனை அம்மன் அன்றைக்கே எடுத்துக்கொண்டாள்" என்று பதில் வந்தது. அவள் வரவில்லை.

போன வாரம் ஆற்றுப் பாலத்தில் எதிரே வந்தாள், தலையில் துணிக்கூடையோடு. பாலம் குறுகல். நான் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டு, "போன்ஜூர் எர்னஸ்தீன்" என்று வணக்கம் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பதில் சொல்லாமல் கடந்து போனாள்.

அந்தப் பதில் அவளுடைய சொத்து. அதைக் கேட்க நான் யார்?