மாஸ்டர் மாற்ற மறுத்த கைப்பிடி

என் வீட்டுக்காரரைத் தெரு முழுக்க மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். முப்பத்தோரு வருஷம் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள். "கொஞ்சம் லூசா இருக்கட்டும்" என்று யாராவது இழுத்தால், "கொஞ்சம்னா எத்தனை இஞ்ச்?" என்று டேப்பை நீட்டுவார். அதே மனுஷன் கடற்கரையில் தூண்டிலை நட்டுவிட்டு நாலு மணி நேரம் வாயே திறக்காமல் நிற்பார். அந்தப் பொறுமையில் கால்வாசி வீட்டுக்கு வந்திருந்தால் நான் கொடுத்துவைத்தவள்.

குளிர் தொடங்கின சமயம் ஒரு நாள் கடையில் கத்தரிக்கோல் கைநழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். கால் ஒரு மாதத்தில் தேறிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது, முன்னைவிடக் கூடுதலாகவே. வலது கைதான் வரவில்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆறு மாசத்துல எவ்வளவு வருதோ அவ்வளவுதாம்மா. அதுக்கப்புறம் பெருசா எதிர்பார்க்காதீங்க" என்றார். இவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் இடிந்துபோய்விடுவார் என்று பயம். ஒவ்வொரு நாளாக எண்ணிக் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

விரல்களுக்குப் பயிற்சி என்று ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். "நான் என்ன கைக்குழந்தையா?" என்று அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். அவருக்கு ஒரே நினைப்புதான். வசந்தம் முடிகிற மூன்று நாலு வாரம் மீன் கரையை ஒட்டி வரும். "ஒரே ஒரு மீன். அதை இந்தக் கையால சுத்தி இழுத்துட்டேன்னா, மறுநாளே கத்தரிக்கோலை எடுத்துடுவேன்." இதைக் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிற்று.

வெயில் ஏறத் தொடங்கியது, சீசனும் வந்தது. எடுபிடி வேலைக்கு நான். ஃபிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் புழு டப்பா. வெண்ணெய் என்று நினைத்துத் திறந்த அன்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்துவிட்டாள். அதற்கப்புறம் நண்டு. ஓடு கழற்றி மெத்தென்று இருக்கிற நண்டைத் தூண்டில் முள்ளில் வைத்து, மெல்லிய நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். கட்டுவது நான், முள்ளை நூலில் முடிச்சுப் போடுவதும் நான், குற்றம் சொல்வது அவர். "சுத்து கோணலா இருக்கு, பிரிச்சுப் போடு." கல்யாணமான புதிதில் என் ஜாக்கெட் தையலைக்கூட இவ்வளவு குறை சொன்னதில்லை.

தூர வீச வேண்டிய அவசியம் இல்லாதது ஒரு புண்ணியம். இந்த மாதத்தில் மீன் முதல் அலைக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்திலேயே மேயுமாம். இடது கையால் எறிந்துவிடுவார். சுற்றுவதில்தான் வில்லங்கம். நூலைச் சுற்றுகிற ரீலின் கைப்பிடி வலது பக்கம். அந்தக் கையால் அரைச் சுற்று சுற்றுவதற்குள் வேர்த்துக் கொட்டும்.

எங்களுக்கு நாலு அடி தள்ளித் தூண்டில் போடுகிறவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அந்தக் கைப்பிடியைக் கழட்டி இந்தப் பக்கம் மாட்டலாம். ரெண்டு நிமிஷ வேலை. தூண்டில் கம்பை அக்குள்ல இடுக்கிக்கிட்டு இடது கையால சுத்தட்டும்."

அன்றிலிருந்து மூன்று வாரம் நானும் நச்சரித்தேன். "மாத்திக்கோங்களேன், உங்க கிரீடமா இறங்கிடும்?" மனுஷன் அசைந்தால்தானே. மாற்றினால் வலது கையைக் கைகழுவியதாக ஆகிவிடுமாம். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

ஒரு சாயங்காலம் கம்பு வளைந்தது, வில் மாதிரி. நல்ல கனமான மீன். "யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்திக்கொண்டே வலது கையைக் கைப்பிடியில் வைத்தார். ஒரு சுற்று வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முழுசாக ஒரு சுற்று. இரண்டாவது சுற்றின் பாதியில் மீன் ஒரு இழுப்பு இழுத்தது, நூல் பட்டென்று அறுந்தது.

"உன் முடிச்சு! பார்த்தியா உன் லட்சணத்தை!" கடற்கரையே திரும்பிப் பார்த்தது. எனக்கு அவமானத்தில் கண் எரிந்தது. கம்பைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன்.

டிரைவர் வந்து நூலின் நுனியைத் தடவிப் பார்த்தார். "முடிச்சு நழுவியிருந்தா நுனி சுருண்டிருக்கும். இது நடுவுல அறுந்திருக்கு." ரீலின் தலையில் இருக்கிற திருகைத் தொட்டார். "யாரு இதை இப்படி இறுக்கினது? மீன் இழுத்தா நூல் கொஞ்சம் ஓட வேணாமா?"

இறுக்கினது யார் என்று கேட்கவும் வேண்டுமா? நூல் ஓடினால் அத்தனையையும் திரும்பச் சுற்ற வேண்டுமே. அந்தக் கையில் இருக்கிற தெம்பில் ஒரு சுற்றுகூட வீணாகக் கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறார் புத்திசாலி. இவர் இடது கையால் கம்பை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் காலையில் சமையலறைக்குப் போனால் மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார், எதிரில் ரீல். கைப்பிடி இடது பக்கம் இருந்தது. ரீலைத் துண்டில் சுற்றி முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக் கழற்றியிருக்கிறார். துண்டெல்லாம் கிரீஸ்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பகீரென்றது.

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"நீதானே மூணு வாரமா என் உயிரை வாங்கினே?"

"அதுக்காக? நேத்து ஒரு சுத்து வந்துச்சே, நான் பார்த்தேனே. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்ல?"

"டாக்டர் உன்கிட்ட சொன்னப்போ கதவு சாத்தலை" என்றார். "நேத்தோட ஆறு மாசம் ஆச்சு."

அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை மாதமாக நான் ஒருத்தியே சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. "தெரிஞ்சுக்கிட்டா இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்லியிருந்தா நீ திட்டுறதை நிறுத்தியிருப்பே. ஐயோ பாவம்னு பார்க்க ஆரம்பிச்சிருப்பே. அதை என்னால தாங்க முடியாதுடி."

எழுந்து அந்தத் துண்டைப் பிடுங்கினேன்.

"நல்ல துண்டைப் பாழாக்கி வெச்சிருக்கீங்களே, டெய்லர் வீட்டுல ஒரு பழந்துணியா கிடைக்கலை?" என்று ஆரம்பித்தேன். குரல்தான் சரியாக வரவில்லை.