மரத்தின் பிறந்தநாளுக்கு நான் கட்டிய தோரணம்

மரங்களுக்கும் வருடப்பிறப்பு உண்டு என்பதை நான் அறிந்தது மெல்பேர்ணின் கோல்ஃபீல்டில், ஒரு யூதப் பாலர் பள்ளியின் முழங்கால் உயரக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோதுதான். முப்பது வயது தாண்டிய ஆண்பிள்ளைக்கு அந்தக் கதிரையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பிள்ளைகளை விட வந்த தாய்மாரும் அதைத்தான் ஒவ்வொரு நாளும் கண்ணால் கேட்டார்கள். என் மகள் என் காற்சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. அதனால் உட்கார்ந்திருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் டொக்டர் வேலை. நான் கிளேட்டனில் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவன். இலங்கையில் நெல்லின் விலை ஏன் ஏறி இறங்குகிறது என்பது என் ஆராய்ச்சி. விலையாவது ஏறி இறங்கியது, ஆராய்ச்சி கிடந்த இடத்திலேயே கிடந்தது. எனக்குக் கிடைத்த உதவிப்பணம் அந்த வருடக் கடைசியோடு நின்றுவிடும். மகளுக்கு நாலு வயது. வீட்டுக்குள் வாய் ஓயாதவள், வாசலைத் தாண்டினால் ஊமை. அக்கம்பக்கத்துப் பாலர் பள்ளிகள் எல்லாம் நிரம்பிவிட, யூதர்களின் மண்டபத்தோடு ஒட்டியிருந்த இந்தப் பள்ளியில்தான் ஒரு இடம் கிடைத்தது.

ஜனவரிக் கடைசியில் பள்ளி தொடங்கியபோது மற்றப் பிள்ளைகளும் அழுதார்கள். அழுது களைத்து, பிறகு மண்ணில் விளையாடப் போய்விட்டார்கள். என் மகள் மட்டும் போகவில்லை. காற்சட்டைத் துணியை ஒரு கையால் கசக்கிப் பிடித்தபடி என்னோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் நகர்ந்தால் அவளும் நகர்ந்தாள். நான் வாசல் பக்கம் ஓரடி வைத்தால் கத்தத் தொடங்குவாள். அது தெருக்கோடிவரை கேட்கும். அங்கே ஒருவரோடும் அவள் ஒரு சொல் பேசியதில்லை.

ரீச்சர் ஐம்பதைத் தாண்டியவர். போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவராம். இங்கிலீசை ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கீழே வைப்பதுபோலப் பேசுவார். பொறுமைசாலிதான், ஆனால் மழுப்பத் தெரியாது. மரங்களின் வருடப்பிறப்பு விழா வரைக்கும் பார்ப்போம், அதற்குப் பிறகும் பிள்ளை உங்களை விடாவிட்டால் அடுத்த வருடம் கூட்டிவாருங்கள், இந்த இடத்துக்கு வேறொரு பிள்ளை காத்திருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அப்படியென்றால் யாராவது ஒருவர் பிள்ளையோடு வீட்டில் இருக்கத்தான் வேண்டும் என்றாள். அந்த யாராவது யார் என்று கேட்டேன். வாடகை யாருடைய சம்பளத்தில் போகிறது என்று திருப்பிக் கேட்டாள். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை இல்லாதபடியால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

எப்படியும் உள்ளே இருக்கிற ஆள்தானே என்று ரீச்சர் என்னை வேலை வாங்கத் தொடங்கினார். என்ன ஆராய்ச்சி என்று ஒருநாள் கேட்டார். நெல் என்றேன். உடனே அவர் முகம் மலர்ந்தது. விவசாயம் தெரிந்த ஒருவர் தானாக வந்து மாட்டியிருக்கிறார் என்று நினைத்துவிட்டார். மண்வெட்டியைப் படத்தில் பார்த்ததோடு சரி என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு பெண்மணி நம்மை வியந்து பார்க்கும்போது அப்படியெல்லாம் சொல்ல வாய் வருமா?

யூதர்களின் நாட்காட்டியில் மரங்களுக்கென்று ஒரு வருடப்பிறப்பு வருகிறது. அவர்களுடைய பூர்வீக நிலத்தில் அப்போது குளிர் விட்டு வாதுமை மரம் பூக்குமாம். மெல்பேர்ணில் அந்த நேரம் வடக்கிலிருந்து அனல்காற்று வீசி, தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். அந்த வெக்கையில் நாங்கள் காய்ந்த குச்சிகளில் இளஞ்சிவப்பு மெல்லிய காகிதத்தைக் கசக்கி ஒட்டி வசந்தம் உண்டாக்கிக்கொண்டிருந்தோம். இதில் நான் சிரிக்க ஒன்றுமில்லை. மூன்று கிழமைக்கு முன்னர்தான் நாங்களே வாடகை வீட்டுக் குசினியில், மின்சார அடுப்பில் பொங்கிச் சூரியனுக்குப் படைத்திருந்தோம். சூரியன் ஏற்கெனவே போதும் போதுமென்று எரித்துக்கொண்டிருந்தது.

பூ ஒட்டும் மேசையில் முதல் மாதிரியைச் செய்யும்படி ரீச்சர் என்னிடம் தந்தார். பசை என் விரலில் ஒட்டிய அளவுக்குக் குச்சியில் ஒட்டவில்லை. அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாக அலுமாரிக்குப் பின்னால் வைத்தார். அடுத்தது முட்டை மட்டைப் பெட்டியின் குழிகளில் மண் போட்டு விதை போடுவது. நெல் நிபுணர் என்பதால் தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு எனக்கு. நான் ஊற்றிய தண்ணீரில் விதைகளெல்லாம் மிதந்து மேசைக்கு வந்தன. பிள்ளைகளுக்கு நல்ல கொண்டாட்டம். பெட்டி ஊறிப் பிய்ந்து, மண் என் மடியில் கொட்டியது. என் மகள் காற்சட்டையின் நனையாத பக்கத்துக்குக் கையை மாற்றிக்கொண்டாள்.

இப்படி வரிசையாக முகத்தில் கரி பூசிக்கொண்டவன் அடங்கி இருந்திருக்க வேண்டும். எனக்கு அது வராது. விழாவுக்கு முதல்நாள், மண்டப வாசலை எப்படி அலங்கரிக்கலாம் என்று ரீச்சர் தாய்மாரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே விழுந்து, வாசலை என்னிடம் விட்டுவிடுங்கள், மரங்களை வைத்து விழா எடுப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்றேன். ரீச்சர் யோசித்தார். வாசலில் நனைவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பார். சரி என்றார்.

நல்ல காரியம் என்றால் வாசலின் இரண்டு பக்கமும் குலையோடு வாழை கட்ட வேண்டும், மேலே மாவிலைத் தோரணம் ஆட வேண்டும். கலியாணம் என்றாலும் கோயில் திருவிழா என்றாலும் மந்திரி வருகிறார் என்றாலும் எங்கள் ஆட்கள் முதலில் தேடுவது கத்தியைத்தான். கோல்ஃபீல்டில் வாழைக்கும் மாமரத்துக்கும் நான் எங்கே போக? நாங்கள் இருந்த வீட்டின் பின்வளவில் வீட்டுக்காரக் கிரேக்கர் வளர்த்த அத்திமரம் ஒன்று வேலிக்கு மேலால் சரிந்து கிடந்தது. வேண்டியதை வெட்டிக்கொள் என்று அவர் கையசைத்துச் சொன்னார். அன்று பின்னேரம் மகள் கயிற்றுப்பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, பாண் வெட்டும் கத்தியால் இரண்டு பெரிய கிளைகளை அறுத்தேன். வாழை என்றால் குலை இருக்க வேண்டாமா? அதனால் காய் நிறையத் தொங்கிய கிளைகளாகப் பார்த்துப் பார்த்து அறுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மனைவி பின்கதவில் நின்று பார்த்தாள். "உது அவையின்ரை கொண்டாட்டமெல்லோ? அவையைக் கேட்டனீங்களோ?" என்றாள். தோரணம் கட்டுவதற்குக் கேட்க என்ன இருக்கிறது என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன்.

காலையில் எல்லாருக்கும் முதல் போய்க் கட்டினேன். கதவின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு அத்திக் கிளைகள். மேலே கயிற்றில் மடித்துச் செருகிய அத்தி இலைகள். வீதிக்குப் போய் நின்று பார்த்தேன். ஒரு சுமாரான கலியாண வீட்டின் களை வந்திருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ரீச்சர் பின்கதவால் வந்து உள்ளே பழங்களை வெட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டாமல், எல்லாரும் ஒன்றாகப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

பிள்ளைகள் வந்தார்கள். செம்பட்டைத் தலைச் சிறுமி ஒருத்தி கிளையின் வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தாள். பால் கசிந்து உறைந்திருந்தது. மரத்தை யார் உடைத்தது என்று கேட்டாள். பின்னால் வந்தவர்களும் அதையே கேட்டார்கள். எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று அப்போதுதான் வெளியே வந்தது. காய்க்கிற மரத்தை வெட்டக்கூடாது என்று அவர்களின் வேதத்திலேயே இருக்கிறதாம். அந்தக் கிழமை முழுவதும் ரீச்சர் பிள்ளைகளுக்கு அதைத்தான் பாட்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பாட்டு அவர்களின் மொழியில் இருந்தபடியால் நானும் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். போதாக்குறைக்கு அத்தி அவர்களுக்கு விசேஷமான மரங்களில் ஒன்று.

ரீச்சர் வெளியே வந்து பார்த்தார். தொங்கிய காய் ஒன்றைக் கையில் ஏந்தினார். நான் பேசினேன். வாழை உண்மையில் மரமே இல்லை, குலை போட்டால் அது எப்படியும் சாகத்தான் போகிறது, ஆகையால் எங்கள் ஊரில் அதை வெட்டுவது மரம் வெட்டுவது ஆகாது என்று விளக்கினேன். எதிரே நின்றது அத்தி என்பது எனக்கு ஞாபகத்தில் இல்லை.

"இன்றைக்கு மரத்தின் பிறந்தநாள்" என்றார் ரீச்சர். "பிறந்தநாள்காரரின் கையை வெட்டியா வாசலில் கட்டுவீர்கள்?"

அவர் என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் செம்பட்டைத் தலைக்குக் கேட்டுவிட்டது. அவள் வீரிட்டு அழுதாள். அவளைப் பார்த்துப் பக்கத்துப் பையன், அவனைப் பார்த்து மற்றவர்கள். நான் கட்டிய இலைகளும் அனல்காற்றில் அதற்குள் வதங்கித் தொங்கத் தொடங்கிவிட்டன. பாலர் பள்ளி முழுவதும் ஒரே ஒப்பாரி. தாய்மார் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை. அந்தக் கூட்டத்தில் அழாமல் நின்றவள் என் மகள் ஒருத்திதான். காற்சட்டையை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். என்னை விரலால் சுட்டிக்காட்டினாள்.

"அப்பா கட் இற்" என்று இங்கிலீசில் சொன்னாள்.

அந்தப் பள்ளியில் என் மகள் பேசிய முதல் வார்த்தை அது. பெற்ற தகப்பனைக் காட்டிக்கொடுக்க அவள் வாயைத் திறந்தாள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். இவளுக்குப் பேச வரும் என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் உள்ளே போய், பூ ஒட்டும் மேசையிலிருந்து இளஞ்சிவப்புக் காகிதத்தையும் ஒட்டுநாடாவையும் எடுத்துவந்து, கிளையின் வெட்டுவாயில் சுற்றத் தொடங்கினாள். வீட்டில் தாயின் பண்டேஜை எடுத்துத் தலையணைகளுக்கெல்லாம் கட்டுப் போடுகிறவள். கட்டு நேர்த்தியாக இருந்தது.

செம்பட்டைத் தலை மூக்கைத் துடைத்துக்கொண்டு நாடாவின் மற்ற நுனியைப் பிடித்தாள். யாரோ ஒருவன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தான். ரீச்சர் கெட்டிக்காரி. பழம் சாப்பிடுவதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, கிளைகளை அவிழ்த்து நிழலில் வாளிகளில் நிறுத்தினார். தோரணத்து இலைகளைக் காகிதத்துக்கு அடியில் வைத்து, மேலே மெழுகுச் சோக்கைத் தேய்க்கக் கொடுத்தார். அத்தி இலையின் நரம்புகள் அத்தனையும் வடிவாகக் காகிதத்தில் விழுந்தன. அந்தக் கிழமையிலேயே நன்றாக வந்த வேலை அதுதான். அதில் என் கை படவில்லை.

படவைக்கப் பார்த்தேன். வாளியைப் பிடிப்போம் என்று குனிந்தபோது மகள் என் கையைத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டு அடுத்த கிளைக்குப் போனாள், நான் எங்கே நிற்கிறேன் என்று பார்க்கவில்லை. ரீச்சர் என் பக்கத்தில் வந்து, இனி நீங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்றார். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவளுக்கு வேலை இருக்கிறது என்றார்.

நான் உடனே போய்விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். நாயோடு நடந்து போன கிழவி ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டாள். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்பது அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது. ரயில் ஏறினேன். அத்திப்பால் பட்ட முழங்கைகள் வெயிலில் சிவந்து எரியத் தொடங்கியிருந்தன. கிளேட்டன் வாசிகசாலையில் நெல் விலையைப் பிரித்து வைத்து ஒரு வரி எழுதினேன், எழுதியதை வெட்டினேன். இடம் பறிபோகவில்லை, படிப்பும் தப்பிவிட்டது. நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. நாலு வயதுப் பிள்ளை கையை விட்டுவிட்டதற்கு இத்தனை பெரிய ஆம்பிளை அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. கைச்சொறிவுக்கு அழுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிள்ளையைக் கூட்டப் போனபோது கேற்றடியில் நின்ற தாய்மார் எனக்கு வழிவிட்டார்கள், கொஞ்சம் தாராளமாகவே. மகள் மெழுகு தேய்த்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது வாய் ஓயவில்லை. வாளிக்குத் தண்ணீர் விடுகிற முறை நாளைக்குத் தன்னுடையதாம். செம்பட்டைத் தலையின் பெயர், அவள் வீட்டுப் பூனையின் பெயர் எல்லாம் சொன்னாள். நானும் நாளைக்கு வந்து மரத்தைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவள் நின்று யோசித்தாள். மனம் நோகாமல் எப்படிச் சொல்லலாம் என்று தேடுகிற பெரிய மனுஷியின் முகம் அது.

"வேண்டாம் அப்பா. உங்களைக் கண்டால் மரம் பயப்பிடும்" என்றாள்.

அடுத்த நாள் காலை நான் கேற்றைத் தாண்டி உள்ளே போகவில்லை, அவளைக் கேற்றுக்குள் விட்டுவிட்டு ரோட்டின் மறுபக்கத்துக்கு வந்து நின்றேன். அவள் நேரே வாளிகளிடம் ஓடினாள். ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றுகொண்டே இருந்ததில், கிளேட்டன் ரயில் போய்விட்டது.