தாளில் எழுதாமல் விட்ட மாத்திரை

திருச்சுழி தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் ஊர்க்காரர்களின் மனுக்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவள் நான். அதனாலோ என்னவோ, தங்கை மகளை முதன்முதலாகப் பெண்கள் டாக்டரிடம் கூட்டிப்போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவளுக்கு இருபத்தோரு வயது. மாதவிலக்கு வந்து மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. நாலு படி ஏறினால் கண் இருட்டுகிறது.

ஒரு தாளில் வந்த தேதி, நாள் கணக்கு, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று வரிசையாக எழுதினேன். ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று, அருப்புக்கோட்டை பஸ் ஏறுவதற்கு முன்பே அவளை ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்தேன். என் நிர்வாகத் திறமை அப்படி.

"பெரியம்மா, இன்னும் ரெண்டு குழி வந்துச்சுன்னா பஸ்ஸுலயே போயிருவேன்" என்று பல்லைக் கடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள விட்டுப் பாப்பாகளா?" என்றாள்.

"கல்யாணமாகாத பிள்ளைக்கு வயித்து மேல வச்சுத்தான் பாப்பாக. வேற எதுன்னாலும் உங்கிட்ட கேக்கணும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு."

முன் சீட்டில் தங்கை முக்காடு போடாத குறையாகக் குனிந்திருந்தாள். "தெரிஞ்சவுக யாராச்சும் பாத்துட்டா என்னக்கா சொல்ல?"

"பல்லுவலின்னு சொல்லு."

தங்கை மகள் என்னிடமிருந்து தாளை வாங்கிப் படித்தாள். "மாத்திரைய எழுதலையே பெரியம்மா?"

முளைப்பாரி, பால்காய்ப்பு, ஒரு கல்யாணம். மூன்றுக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கல் கடையில் வாங்கிக் கொடுத்தவள் நான். இந்த மூன்று வாரத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். "மறந்துட்டேன்" என்றேன்.

தங்கை திரும்பினாள். "அது சாமி காரியம். அதப் போயி டாக்டரம்மாட்ட சொல்லிக்கிட்டு..."

பேனாவை எடுத்தேன். பஸ் குலுங்குகிறது என்று மூடி வைத்துவிட்டேன்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தாளை ஒருமுறை பார்த்து ஓரமாக வைத்தார். "மாத்திரை ஏதாச்சும் போட்டியாம்மா?"

"இல்லீங்க" என்று தங்கை முந்திக்கொண்டாள்.

தங்கை மகள் என்னைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

"போட்டா" என்றேன். "தள்ளிப்போடுற மாத்திரை. நான்தான் வாங்கிக் குடுத்தேன். மூணு தடவ."

"அஞ்சு" என்றாள் அவள். "ரெண்டு தடவ அம்மா வாங்குனாக. கடைசித் தடவ பாதியில நிறுத்திட்டேன்."

டாக்டர் எங்களிடம், "ரெண்டு பேரும் வெளிய உக்காருங்க. மிச்சத்த அவகிட்டயே கேட்டுக்கிறேன்" என்றார்.

நாங்கள் வெளியே வந்ததும் கதவு மூடிக்கொண்டது. "இவ்வளவு நேரம் என்னத்தக்கா கேக்காக?" என்றாள் தங்கை. உள்ளே அவள் மகளின் குரல் விடாமல் கேட்டது. சொற்கள் மட்டும் விளங்கவில்லை.