மிதித்துப் பழகிய கால்கள்

1931 ஜூன் 9, செவ்வாய். ஐந்து மணிக்கு எழுந்து, வேதம் வாசித்து, கருப்பட்டிக் காப்பி குடித்தேன். மழை சற்று விட்டதும் எங்கள் சபைக் கோயிலுக்குப் போய் மிதி ஆர்மோனியத்தில் அரைமணி வாசித்தேன். மற்ற நாட்களில் அங்கிருந்து பள்ளிக்கூடம் போய் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவேன். அன்று போகவில்லை. வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம் என்று தலைமையாசிரியரிடம் முந்தின வாரமே சொல்லியிருந்தேன். மிஷன் பயிற்சிப் பள்ளியில் பியானோ கற்பிக்க ஆள் தேடினார்கள். எங்கள் பக்கத்தில் வேறு யாரும் கேட்கவில்லை. வேலை எனக்குத்தான் என்று நம்பினேன். பத்து மணிக்குப் பங்களாவில் மிஷனெரி அம்மாளுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

அதற்கு முன் நான் பியானோவைத் தொட்டதில்லை. வெளியே நின்று கேட்டதோடு சரி. இரண்டிலும் கட்டைகளின் வரிசை ஒன்றுதானே, விரல்களுக்கு வழி தெரியும் என்றிருந்தேன்.

வாசிக்கத் தொடங்கியதும் என் கால்கள் தாமாகவே மிதித்தன. ஆர்மோனியத்தில் மிதித்தால்தான் காற்று, காற்றிருந்தால்தான் சத்தம். பியானோவின் மிதிகள் வேறு காரியத்துக்கு. வலது கால் அழுந்தும்போது சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கலங்கின. இடது கால் அழுந்தும்போது அமுங்கின.

"காலை எடும்," என்றார் அம்மாள்.

நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டேன். பிறகு வந்ததுதான் மோசம். ஆர்மோனியத்தில் விரலை எடுக்கும்வரை சுரம் நிற்கும்; அப்படி நீண்ட சுரம் ஒன்றில் விரலை வைத்தேன். விரலுக்கு அடியிலேயே அது செத்தது. திரும்பி வரும் என்பதுபோல நான் காத்திருந்தேன்.

அம்மாள் மூடியைச் சாத்தினார். "உமக்குச் சங்கீதம் தெரியும். பியானோ தெரியாது. நான் சென்னைக்கு எழுதி ஆள் கேட்கிறேன்."

வெளியே கோயில்குட்டி நின்றிருந்தார். கோயிலைப் பெருக்கி மணியடிப்பவர். ஓர் அடக்கத்துக்கு என்னைக் கூப்பிட வந்தவர், ஜன்னல் வழியே எல்லாம் பார்த்துவிட்டார்.

"என்ன சாரே, பியானா வாசிச்சீரா, தையல் மிஷினு சவுட்டினீரா?"

"ரெண்டுந்தான்."

"சவுட்டுகதுக்கு நம்ம ஆர்மோனியப் பெட்டி கெடக்கு. நாலு மணிக்கு அடக்கம். கைப்பிள்ளையாக்கும்."

குழந்தை காய்ச்சலில் போயிருந்தது. தாய் அழவில்லை. பாட்டின் இறுதிச் சுரத்தை, சிறிய சவப்பெட்டி கோயில் வாசலைக் கடக்கும்வரை விடாமல் பிடித்திருந்தேன். எனக்கு வருவது இவ்வளவுதான் என்று அப்போது தெரிந்தது. இன்றும் அதையே செய்கிறேன்; பாடகர் குழுவும் என் பொறுப்பு. இது தேவன் எனக்குக் காட்டிய வழி என்று சபையில் சொல்லுகிறார்கள். வேறு வழி அடைபட்டதைத்தான் நான் கண்டேன்.

அன்று இரவு மனைவி சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஹெட்மாஸ்டரு பழைய வகுப்பத் திரும்பத் தருவாரா?"

"கேக்கணும்."

"அது அவருக்க மச்சினனுக்குப் போயாச்சுன்னு கேள்வி."

"அப்பம் என்ன செய்ய?"

"வேற ஏதாம் உண்டான்னு கேளுங்க. இந்த வீட்டுல வேற யாருக்கு சம்பளம் வருது?"

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகத் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் கதவைத் திறக்கும்வரை மழையில் நின்று, எந்த வகுப்பானாலும் போதும் என்று சொன்னேன்.