விழுந்து எடுத்த படம்

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஆரம்பித்த சில நாளிலேயே போட்டோ ஸ்டூடியோக்காரருக்குத் தொடை இரண்டும் கல்லாய்க் கனத்தன. "வயசாச்சுன்னு ஒத்துக்கோங்க," என்றாள் மனைவி. அதை ஒத்துக்கொள்வதற்கு வலியே தேவலை என்று அவர் வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒருநாள் படமெடுக்க வந்த குழந்தை, கிலுகிலுப்பை ஆட்டியும் உம்மென்றே இருந்தது. அதன் முகத்துக்கு நேராகக் கேமராவைப் பிடிக்கக் குந்தியவரால் எழ முடியவில்லை. பக்கத்தில் தொங்கிய, மேகம் வரைந்த பின்னணித் திரையைப் பற்றினார். அது கழன்று அவரோடு சேர்ந்து தரையில் விழுந்தது. மேகத்துக்குள்ளிருந்து முனகல் கேட்டதும் குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது.

"அண்ணே, அப்படியே இருங்க," என்று குழந்தையின் அப்பா கேமராவை எடுத்து அந்தச் சிரிப்பைப் படம் பிடித்தார்.

"வேற வழி? எழுந்திருக்கவா முடியுது," என்றது மேகம்.

மனைவி அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள். ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர், "இது மாத்திரையோட வேலை. வலி வந்ததுமே சொல்லக்கூடாதா?" என்று வேறு மருந்து எழுதினார். வலி மெல்ல விட்டது.

ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த தாய்மார்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். "எங்க பாப்பாவுக்கும் விழுந்து காட்டுங்கண்ணே."

"உடம்பு தேறிடுச்சும்மா," என்றார் அவர் வருத்தத்தோடு. "இப்ப விழ வரல."