செம்புக் குழாயின் கீழே ஒரு சுத்தமான சுவர்

இஸ்க்ரா கலாய்ஜியெவா கற்பாசிக்காரி. ப்ளோவ்திவ் நகரத்து ஆய்வு நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக, கல்லோ கூரையோ சுவரோ, எதில் கற்பாசி படர்ந்தாலும் போய்க் குனிந்து பார்த்து எழுதி வருகிறாள். புகையிலை பறித்துப் பிழைத்த குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். நாற்பத்தொன்பது வயதில், இப்போதுதான் இணைப் பேராசிரியர் இடம் ஒன்று காலியாகியிருக்கிறது. இதை விட்டால் அடுத்தது வருவதற்குள் ஓய்வு வந்துவிடும்.

அந்த இடத்துக்கு ஐம்பது புள்ளி வேண்டும். வேறொருவர் தன் கட்டுரையில் அவளை மேற்கோள் காட்டியிருந்தால், ஒன்றுக்கு இரண்டு புள்ளி. கணினி அவளுக்கு நூற்று முப்பத்தொன்று மேற்கோள் என்றது.

"இருபத்தஞ்சு போதும்மா. நீ அஞ்சு பேருக்கு வேலை வாங்கித் தரலாம்!" என்றான் ஒரே அறையில் உட்காரும் ஸ்தாமென். வேதியியல்காரன், மேற்கோளுக்குப் பஞ்சமில்லாதவன்.

ஆனால் அங்கே எண்ணிக்கை மட்டும் செல்லாது. ஒவ்வொரு மேற்கோளும் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் இஸ்க்ரா அத்தனை கட்டுரைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

பத்தொன்பதுதான் கற்பாசிக்காரர்கள் எழுதியது. மீதி நூற்றுப் பன்னிரண்டும் பழைய கட்டடம் புதுப்பிப்பவர்கள், பெயின்ட் ஆராய்ச்சியாளர்கள், ஆஸ்பத்திரிக் கதவுக் கைப்பிடியில் கிருமி தேடும் டாக்டர்கள் எழுதியவை. எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: செம்பு பட்ட இடத்தில் கற்பாசி வளராது, கலாய்ஜியெவா நிரூபித்திருக்கிறார்.

நான் எப்போது நிரூபித்தேன்?

பழைய கட்டுரையைத் தேடி எடுத்தாள். ரோடோப் மலைக் கிராமம் ஒன்றின் கூரைகளைப் பற்றியது. அதில் ஒரே ஒரு வரி: 'செம்பு மழைநீர்க் குழாயின் கீழே கற்பாசி இல்லை, அந்த இடத்தை வசந்தந்தோறும் தூரிகையால் தேய்த்துவிடுவதாக வீட்டுக்காரர் சொன்னார்.' யாரோ முதல் பாதியை மட்டும் எடுத்திருக்கிறார். மற்றவர்கள் அவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

"அதனால என்ன? பக்கம் சரியா இருக்கா, பேர் சரியா இருக்கா? எழுது," என்றான் ஸ்தாமென்.

"நான் சொல்லாததைச் சொன்னேன்னு போட்டிருக்காங்கடா."

"என்னை மேற்கோள் காட்டினவங்க எல்லாம் படிச்சிட்டா காட்டினாங்க? ஆறே ஆறு சேர்த்துக்கோ. யாருக்கும் வலிக்காது."

ஒருவேளை செம்பு நிஜமாகவே வேலை செய்திருந்தால்? அன்று மாலை அந்த வீட்டுக்கார மாலினாவுக்குப் போன் போட்டாள்.

"யாரு, சுவத்தைப் படம் பிடிச்ச பொண்ணா? முட்டி வலி வந்ததும் தேய்க்கிறதை விட்டுட்டேன்மா."

இஸ்க்ரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்புறம் கற்பாசி வந்துச்சா?"

"எங்க வரும்? அதே வருஷம் என் பையன் குழாயைப் பிளாஸ்டிக்கா மாத்தி, சுவத்துக்கும் பெயின்ட் அடிச்சிட்டானே. ஏன், ஏதாவது தப்பா?"

தப்பா சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. சாட்சி சொல்லக்கூடிய ஒரே சுவரும் போயிற்று. போனை வைத்துவிட்டு நூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். ஒரே ஒரு ஸ்லோவேனிய மாணவி மட்டும், பெயின்ட் பற்றிய ஆய்வில், அந்த வரியை முழுசாக எடுத்துப் போட்டிருந்தாள். தூரிகையோடு.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி கடைசி நேரம். பதினொன்றரைக்கு இஸ்க்ரா நூலகத்துக்குப் போனாள். பட்டியலைச் சரிபார்த்து முத்திரை குத்துவது கின்கா அக்காவின் வேலை. அவள் விரல் வைத்து எண்ணினாள்.

"இருபது. நாற்பது புள்ளிதான்டி வருது."

"தெரியும்க்கா."

"ஊரெல்லாம் நூத்தி முப்பதுன்னு பேசுறாங்க. மீதியை எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"அதெல்லாம் என்னோடது இல்ல போலிருக்குக்கா. இல்ல, என்னோடதுதானோ... குழப்பமா இருக்கு. நீங்க குத்துங்க."

கின்கா அக்கா கண்ணாடிக்கு மேலே அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பக்கத்துக்கு ஒன்றாக முத்திரை குத்தினாள். இஸ்க்ரா பையைத் திறந்து சாக்லேட் பெட்டியை மேஜையில் வைத்தாள். அங்கேயும் நல்லது நடந்தவர்தான் மற்றவர்களுக்கு இனிப்புக் கொடுக்க வேண்டும். நூற்று முப்பத்தொன்று என்று கேட்ட அன்றே வாங்கியது.

"அந்த இடந்தான் போச்சே, இது எதுக்கு?"

"ஒரு பொண்ணு அந்த வரியைக் கடைசி வரைக்கும் படிச்சிருக்காக்கா."

கின்கா அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு சாக்லேட் எடுத்துக்கொண்டு, ஒன்றை இஸ்க்ராவிடமே நீட்டினாள்.